ஸ்டெர்ன்–கெர்லாக் சோதனையின் ஓட்டோ ஸ்டெர்ன் யார்?

கேள்வி இதுதான்: குவாண்டம் இயற்பியல் படிக்கிற எல்லோருக்கும் ஸ்டெர்ன்–கெர்லாக் சோதனை தெரியும். அந்த ஓட்டோ ஸ்டெர்ன் யார்? அதைத் தவிர வேறு என்ன செய்தார்? மட்டமான சுருட்டுப் புகையால்தான் அந்தக் கண்டுபிடிப்பே நடந்தது என்கிறார்களே, நிஜமா? கூட இருந்த கெர்லாக்குக்கு ஏன் நோபல் பரிசு கிடைக்கவில்லை?

சுருட்டு விஷயம் பெருமளவு நிஜம்தான். ஆனால் அதை வைத்து ஸ்டெர்னை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்வது பெரிய அநியாயம். இருபதாம் நூற்றாண்டின் சோதனை இயற்பியலாளர்களில் இவ்வளவு கணக்குப் போட்டு, இவ்வளவு திட்டமிட்டு வேலை செய்த இன்னொருவரைக் காட்டுவது கஷ்டம். 1919-இல் ஒரே ஒரு கருவியைக் கையில் எடுத்தார். கடைசி வரை அதை விடவில்லை. 'விடைதான் தெரியுமே, எதற்கு அளக்கிறாய்' என்று கோட்பாட்டாளர்கள் சொன்ன இடங்களில் எல்லாம் போய் அளந்தார். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு படித்தால் நன்றாகப் புரியும்.

ஸ்டெர்ன் 1888 பிப்ரவரி 17 அன்று மேல் சைலீசியாவில் சோராவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா. இப்போது போலந்தில் ஸோரி என்ற பெயரில் இருக்கிறது. தானிய வியாபாரமும் மாவு மில்லும் நடத்திய வசதியான யூதக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அவருக்கு நாலு வயதாகும்போது குடும்பம் பிரெஸ்லாவ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் படிப்பு, 1912-இல் அங்கேதான் டாக்டர் பட்டமும். கவனிக்க வேண்டியது, அது இயற்பியலில் வாங்கிய பட்டம் அல்ல. இயற்பிய வேதியியலில், செறிந்த கரைசல்களில் கார்பன் டைஆக்சைடின் சவ்வூடு பரவல் அழுத்தம் பற்றி ஆய்வு செய்து வாங்கியது. வழிகாட்டி ஓட்டோ சாக்கூர், வாயுக்களின் என்ட்ரோபியை (ஒழுங்கின்மையின் அளவை)க் கணக்கிடும் சாக்கூர்–டெட்ரோட் சமன்பாட்டில் வருகிறவர்.

வீட்டில் காசு இருந்ததால் வேலை தேடி ஓட வேண்டிய அவசியம் இல்லை. எங்கே நல்ல இயற்பியல் நடக்கிறதோ அங்கே போகலாம். அப்போது பிராகில் பேராசிரியராக இருந்த ஐன்ஸ்டீனிடம் போனார். பெரிய தாடி வைத்த மகா பண்டிதர் ஒருவரை எதிர்பார்த்து உள்ளே நுழைந்தால், மேசைக்குப் பின்னால் டை கட்டாத ஒரு மனிதர், இத்தாலியச் சாலைப் பணியாளர் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று ஸ்டெர்ன் வயதான காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். சில மாதங்களில் ஐன்ஸ்டீன் சூரிச்சுக்கு மாறியபோது இவரும் கூடவே போனார். 1913-இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வெப்பநிலை தனிச்சுழிக்குப் போனாலும் மூலக்கூறுகளில் கொஞ்சம் ஆற்றல் மிஞ்சி நிற்குமா என்பதுதான் விஷயம். அந்தப் 'பூஜ்யப் புள்ளி ஆற்றல்' ஸ்டெர்னை வெகுகாலம் விடவில்லை.

அதே 1913-இல், எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டும்தான் சுற்றும் என்று சொன்ன நீல்ஸ் போரின் அணு மாதிரி வெளிவந்தது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஊட்லிபெர்க் என்ற மலை. அங்கே நடந்துபோகும்போது ஸ்டெர்னும் இயற்பியலாளர் மாக்ஸ் வான் லாவேயும் ஒரு சபதம் போட்டார்கள்: போரின் இந்த அபத்தம் கடைசியில் சரியென்று ஆகிவிட்டால் நாம் இருவரும் இயற்பியலையே விட்டுவிடுவோம்! போரின் கருத்துக்குப் பின்னாளில் கண்ணால் காணும் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியது இதே ஸ்டெர்ன்தான் என்பதால், இந்தச் சபதத்தை இயற்பியலாளர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

1914-இல் லாவேயைத் தொடர்ந்து பிராங்க்பர்ட் போனார். உடனே முதல் உலகப் போர் மூண்டது. ஸ்டெர்ன் ராணுவத்தில் சேர்ந்து, ரஷ்யப் போலந்தில் லோம்ஷா என்ற இடத்தில் வானிலை கவனிக்கும் வேலையில் இருந்தார். அந்த வேலைக்கு நேரம் அதிகம் தேவையில்லை. மிச்ச நேரத்தில் திடப்பொருள்களின் என்ட்ரோபி பற்றி மிக நீளமான கணக்குகளைக் கையாலேயே போட்டுத் தீர்த்தார். போரின் கடைசிக் கட்டத்தில் பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வகத்துக்கு வந்தார். ஜேம்ஸ் ஃபிராங்க், மாக்ஸ் வோல்மர் போன்ற தேர்ந்த சோதனைக்காரர்களோடு பழகினார். அதுவரை காகிதமும் பென்சிலுமாக இருந்தவர் சோதனைப் பக்கம் சாய்ந்தது அங்கேதான்.

1919-இல் பிராங்க்பர்ட் திரும்பினார். மாக்ஸ் பார்ன் தலைமையில் கோட்பாட்டு இயற்பியல் துறை. மொத்தமே இரண்டு அறைகள், ஒரு மெக்கானிக். கோட்பாட்டுத் துறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஸ்டெர்ன் ஆரம்பித்த வேலைதான் 'மூலக்கூறுக் கற்றை' முறை.

அதன் கரு மிக எளிது. ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக்க வேண்டும். அந்த ஆவி ஒரு சிறு துளை வழியாக வெற்றிடத்துக்குள் வெளியேறும். வெற்றிடத்தில் மோதிக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால் ஒவ்வோர் அணுவும் நேர்கோட்டில் போகும். வழியில் இன்னொரு மெல்லிய பிளவை வைத்தால், கதவிடுக்கில் வரும் வெயில் மாதிரி ஒரு மெல்லிய கற்றை கிடைக்கும். வெளிச்சத்துக்குப் பதில் இங்கே அணுக்கள், அவ்வளவுதான். இதை முதலில் செய்து காட்டியவர் 1911-இல் பாரிசில் லூயி துனாயே. ஸ்டெர்ன் கண்டது அதற்கு அடுத்த படி. இந்தக் கற்றையில் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவின் தொந்தரவு இல்லாமல் தனியாகப் போகிறது. அப்படியானால் ஒரு தனி அணுவிடமே நேராகக் கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி: வாயு மூலக்கூறுகளின் வேகம் என்ன? மாக்ஸ்வெல் 1860 வாக்கிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். எல்லோரும் நம்பினார்கள், நேரடியாக யாரும் அளக்கவில்லை. ஸ்டெர்ன் ஒரு பிளாட்டினக் கம்பியில் வெள்ளி பூசி, மின்சாரம் செலுத்திச் சூடாக்கினார். வெளியேறும் வெள்ளி அணுக்கள் பிளவுகள் வழியே போய் எதிரே உள்ள தகட்டில் படியும். கம்பியைச் சுற்றி அந்த அமைப்பு முழுவதையும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று வேகத்தில் சுழல விட்டார். அணு பறந்து போய்ச் சேருவதற்குள் தகடு கொஞ்சம் நகர்ந்திருக்கும், படிவும் கொஞ்சம் தள்ளி விழும். எவ்வளவு தள்ளி விழுந்தது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். நொடிக்கு சுமார் 600 மீட்டர் வந்தது. கோட்பாட்டு மதிப்பைவிட அது கொஞ்சம் அதிகம். காரணத்தைச் சொன்னவர் ஐன்ஸ்டீன். துளை வழியாக வெளியேறுவதில் வேகமான அணுக்களுக்கு முன்னுரிமை உண்டு; ஆகவே கற்றையில் உள்ள சராசரி, அடுப்புக்குள் உள்ள சராசரியைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஸ்டெர்ன் 1920-லேயே ஒரு பின்குறிப்பு வெளியிட்டு, ஐன்ஸ்டீன் பெயரையும் சொல்லி, அதைத் திருத்திக்கொண்டார்.

அடுத்துத்தான் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சோதனை. போர்–சோமர்ஃபெல்டு கோட்பாட்டின்படி அணுவின் கோண உந்தம் (அதன் சுழற்சியின் அளவும் திசையும்) காந்தப்புலத்தில் இஷ்டப்பட்ட திசையில் நிற்க முடியாது. குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும்தான் நிற்கும். இதைத் 'திசைக் குவாண்டமாக்கல்' என்றார்கள். நிறமாலைக் கோடுகளை விளக்க இது உதவியது. ஆனால் அணு நிஜமாகவே அப்படித் திரும்பி நிற்கிறதா? பெரும்பாலானோர் நம்பவில்லை. அந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான பீட்டர் டெபையே, 'இதெல்லாம் கணக்குப் போடுவதற்கான விதி, எலக்ட்ரான்களின் ரயில் அட்டவணை மாதிரி' என்ற தொனியில் கெர்லாக்கிடம் சொல்லியிருக்கிறார். மாக்ஸ் பார்னும் அதை ஒரு குறியீட்டு விளக்கமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெர்னுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் மற்றவர்களைப் போல அதோடு விடவில்லை. ஒரு குளிர்காலக் காலையில், எழுந்திருக்க மனமில்லாமல் படுக்கையில் கிடந்தபோது சோதனைக்கான வழி மனதில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அணு ஒரு சின்னக் காந்தம். சீரான காந்தப்புலத்தில் அதன் மேல் நிகர விசை இருக்காது. ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் புலத்தில் விட்டால் அது இழுபடும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது அது எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய இயற்பியல் சரியென்றால் அணுக்கள் எல்லாத் திசையிலும் நிற்கும், கற்றை அகன்று ஒரே பட்டையாகத் தெரியும். புதியது சரியென்றால் கற்றை பிளந்து, நடுவில் ஒன்றுமில்லாமல் போகும். இரண்டில் எது வந்தாலும் பதில் தெளிவு. 1921-இல் சோதனையைச் செய்வதற்கு முன்பே, அதற்கான வழியையும் எதிர்பார்க்கும் விலகலின் அளவையும் கணக்கிட்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்.

செய்வதற்குக் கை தேவைப்பட்டது. பக்கத்துச் சோதனை இயற்பியல் துறையில் வால்டர் கெர்லாக் இருந்தார், நுணுக்கமான கை வேலையில் மன்னர். இந்தச் சோதனை எவ்வளவு கடினமானது என்று பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தால் தெரியாது. வெள்ளியை உருக்க 1000 டிகிரி செல்சியஸ் அடுப்பு. அதிலிருந்து வரும் ஆவியை 0.03 மில்லிமீட்டர் அகலப் பிளவுகள் வழியாக அனுப்ப வேண்டும். காந்தத்தின் நீளம் வெறும் 3.5 சென்டிமீட்டர், ஒரு முனை கத்தி விளிம்பு போல, எதிர் முனையில் பள்ளம். அணு அந்த இடைவெளியில் இருப்பதே ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரம்தான். அதற்குள் கற்றை இரண்டாகப் பிரியும் தூரம் 0.2 மில்லிமீட்டர். பிளவுகளின் நேரமைப்பு 0.01 மில்லிமீட்டர் பிசகினால் சோதனை வீண். இவ்வளவும் கண்ணாடிப் பம்புகள் உறிஞ்சும் வெற்றிடத்துக்குள். அடுப்பு கொதிக்க, அதை ஒட்டிய பாகங்கள் குளிர்ந்தே இருக்க வேண்டும். கண்ணாடி உடையும், வெற்றிடம் போகும். சில மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே பெரிய விஷயம். அந்தச் சில மணி நேரத்தில் தகட்டில் படியும் வெள்ளி கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது.

பணமும் இல்லை. போர் முடிந்த ஜெர்மனி, மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. ஐன்ஸ்டீன் மேல் மக்களுக்கு இருந்த ஆர்வத்தைப் பயன்படுத்தி, பார்ன் சார்பியல் பற்றிக் கட்டணச் சொற்பொழிவுகள் நடத்தி, வசூலான பணத்தைச் சோதனைக்குக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தபோது, நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி கோல்ட்மேனுக்கு ஒரு கடிதம் போட்டார். அவருடைய பூர்வீகம் பிராங்க்பர்ட் பக்கம். சில நூறு டாலருக்குக் காசோலை வந்தது. அன்றைய ஜெர்மனியில் அது பெரிய தொகை.

சரி, சுருட்டு. தொடக்கத்தில் ஒரு ஓட்டம் முடிந்ததும் கெர்லாக் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெர்னிடம் கொடுத்தார். ஸ்டெர்ன் அதைக் கிட்ட வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்க, கெர்லாக் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க, மெல்ல மெல்லக் கற்றையின் தடம் கறுப்பாக எழுந்து வந்தது. உதவிப் பேராசிரியர் சம்பளத்தில் நல்ல சுருட்டு கட்டுப்படியாகாது. ஸ்டெர்ன் பிடித்ததோ கந்தகம் நிறைந்த மட்டச் சுருட்டு. அந்தக் கந்தகம் வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக்கிக் கறுக்க வைத்துவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு இதை ஸ்டெர்ன் வாயாலேயே கேட்டவர் டட்லி ஹெர்ஷ்பாக், பின்னாளில் வேதியியல் நோபல் வாங்கியவர். அவரும் பிரெட்டிஸ்லாவ் ஃபிரெடரிக்கும் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். வெறும் மூச்சுக்காற்று போதவில்லை. சுருட்டுப் புகையே தகட்டில் பட்டபோதுதான் தடம் கறுத்தது. ஆகவே ஸ்டெர்ன் கையில் சுருட்டு புகைந்துகொண்டே இருந்திருக்க வேண்டும், அவரை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சுருட்டு செய்தது, தடத்தைக் கண்ணுக்குத் தெரிய வைத்தது மட்டும். அதற்குப் பிறகு படத்தைத் துலக்குவதுபோல ரசாயன முறையில் தடத்தை எழுப்பினார்கள். கற்றை பிளந்து தெரிய இன்னும் நெடுநாள் பாடுபட வேண்டியிருந்தது.

1921 இலையுதிர்காலத்தில் ஸ்டெர்ன் ராஸ்டாக் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். கெர்லாக் தனியாக மல்லுக்கட்டினார். 1922 தொடக்கத்தில் இருவரும் கோட்டிங்கனில் சந்தித்து, இதைக் கைவிட்டுவிடலாம் என்கிற முடிவுக்கே வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ரயில்வே வேலைநிறுத்தம். கெர்லாக் ஊர் திரும்ப முடியாமல் ஒரு நாள் தங்கினார். அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் திரும்ப யோசித்துப் பார்த்து, இன்னொரு முறை முயல்வது என்று முடிவு செய்தார். கற்றையை வடிவமைக்கும் வட்டத் துளைகளில் ஒன்றை நீண்ட பிளவாக மாற்றியதில் கற்றையின் செறிவு கூடியது. பிப்ரவரி 7-க்கும் 8-க்கும் இடைப்பட்ட இரவில் அது தெரிந்தது: காந்தப்புலம் இல்லாதபோது ஒற்றைக் கோடு, புலம் இருந்தபோது நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஓரங்களில் மீண்டும் சேரும் கோடுகள். கெர்லாக் ராஸ்டாக்குக்கு ஒரு வரித் தந்தி கொடுத்தார்: போர் சொன்னதே சரி. 8-ஆம் தேதி அந்தப் படத்தையே ஒட்டி நீல்ஸ் போருக்கு ஓர் அஞ்சல் அட்டை அனுப்பினார். அந்த அட்டையின் படம்தான் இன்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருப்பது.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. அவர்கள் பார்த்தது, அவர்கள் நினைத்த விஷயமே அல்ல. வெளி எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் கோண உந்தம் இரண்டு திசைகளில் நிற்கிறது என்றுதான் அவர்களும் போரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் வெள்ளி அணுவின் அடிநிலையில் அந்தக் கோண உந்தம் சுழி. கற்றையைப் பிளந்தது எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்). அப்படி ஒன்று இருப்பதாக ஊலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் சொன்னது 1925-இல்தான். தற்சுழற்சியின் மதிப்பு அரை. அதன் காந்த விளைவோ எதிர்பார்ப்பதைப் போல இரு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒன்று, அதாவது பழைய கோட்பாடு சொன்ன அதே ஒரு போர் மேக்னட்டான் (அணுவின் காந்த வலிமையை அளக்கும் அலகு). இந்தப் பொருத்தம் எல்லோரையும் சில வருடம் திசைதிருப்பியது. ஸ்டெர்னின் ஆய்வகத்தில் இருந்த ரொனால்டு ஃப்ரேசர் 1927-இல் சுட்டிக்காட்டிய பிறகுதான் சரியான விளக்கம் நிலைபெற்றது. அதற்கு முன்பே, 1922-லேயே, ஐன்ஸ்டீனும் ஏரன்ஃபெஸ்டும் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: மோதலே இல்லாத கற்றையில் ஓர் அணு கதிர்வீச்சு மூலம் திசை திரும்பி நிற்க நூறு வருடத்துக்கு மேலாகும். இங்கே அது இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நடந்துவிட்டது! குவாண்டம் அளவீட்டுச் சிக்கல் என்று இன்று பேசுவதன் வேர்களில் ஒன்று இதில் இருக்கிறது.

1923-இல் ஸ்டெர்ன் ஹாம்பர்க் போனார். அடுத்த பத்து வருடம்தான் அவர் வாழ்க்கையின் பொற்காலம். பொதுவாக இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். எஸ்டர்மான், க்னாவர், ஃப்ரிஷ், இத்தாலியிலிருந்து செக்ரே, அமெரிக்காவிலிருந்து ராபி என்று இளைஞர் கூட்டம் சேர்ந்தது. 1926 முதல் 1933 வரை மூலக்கூறுக் கற்றை முறை பற்றி வரிசை எண் போட்டு 30 கட்டுரைகள் அங்கிருந்து வெளிவந்தன.

வேலை செய்யும் முறை தனி ரகம். கருவியைக் கட்டுவதற்கு முன்பே அது எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும், கற்றையின் செறிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடுவார்கள். கட்டி முடித்த கருவி அந்தக் கணக்குக்கு ஒத்து வரும் வரை அதைச் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். ஒத்து வந்த பிறகுதான் நிஜ அளவீடு. முதலில் இது விசித்திரமாகப் பட்டதாகவும், பிறகு அதன் அருமை புரிந்ததாகவும் செக்ரே சொல்லியிருக்கிறார். ஸ்டெர்னுக்குக் கை வேலை அவ்வளவு வராது. ஒரு பொருள் கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் போகமாட்டார். பிடிக்கப் போனால் இன்னும் நாலு பொருள் உடையும் என்பது அவர் கணக்கு என்று ஃப்ரிஷ் எழுதியிருக்கிறார். கையில் எப்போதும் சுருட்டு. கருவியைத் தொடுவது பெரும்பாலும் உதவியாளர்கள்.

அதே ஹாம்பர்க்கில் வுல்ஃப்கேங் பௌலி இருந்தார். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், பூஜ்யப் புள்ளி ஆற்றல் பற்றிச் சண்டை போடுவார்கள். ஆனால் பௌலி பக்கத்தில் வந்தாலே கருவிகள் பழுதாகும் என்று ஒரு பேச்சு இருந்ததால், ஸ்டெர்ன் அவரை ஆய்வகத்துக்குள் விடவே மாட்டார். ராபி ஹாம்பர்க் வந்ததே பௌலியிடம் கோட்பாடு படிக்கத்தான். ஸ்டெர்னின் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தவர், சீரான காந்தப்புலத்துக்குள் கற்றையைச் சாய்வாக அனுப்பியும் அணுக்களைப் பிரிக்கலாமே என்று ஒரு யோசனை சொன்னார். 'நல்லது, நீயே செய்' என்று ஸ்டெர்ன் சொல்லிவிட்டார். ராபி சோதனை இயற்பியலுக்குத் திரும்பியது இப்படித்தான்.

ஹாம்பர்க் வேலைகளில் ஸ்டெர்னுக்கே மிகவும் பிடித்தது அணுக்களின் அலைத் தன்மையைக் காட்டிய சோதனை. அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்ற ஆதங்கமும் அவருக்கு இருந்தது. எலக்ட்ரான் அலையாக நடந்துகொள்வதை டேவிசனும் ஜெர்மரும் 1927-இல் காட்டிவிட்டார்கள். ஆனால் எலக்ட்ரான் ஒரு அடிப்படைத் துகள். உட்கருவும் எலக்ட்ரான்களும் சேர்ந்த ஒரு முழு அணு, ஒரு முழு மூலக்கூறு, அதுவும் அலையா? ஹீலியம் கற்றையை லித்தியம் ஃபுளூரைடு படிகத்தின் மேல் விட்டுப் பார்த்தார்கள். எஸ்டர்மானும் ஸ்டெர்னும் 1930-இல் வெளியிட்ட முடிவு: ஹீலியமும், ஹைட்ரஜன் மூலக்கூறும், படிகத்தில் பட்டு அலைகளைப் போலவே விளிம்புவிளைவு (வளைந்து குறிப்பிட்ட திசைகளில் பரவுவது) காட்டுகின்றன.

அத்தோடு நிற்கவில்லை. துகளின் வேகத்தைப் பொறுத்து அதற்கு இன்ன அலைநீளம் என்று டி பிராய் சொன்னதைத் துல்லியமாகச் சோதிக்க, ஒரே வேகமுள்ள அணுக்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டு பல்சக்கரங்களைச் சுழல விட்டார்கள். முதல் சக்கரத்தின் இடுக்கில் நுழைந்த அணு சரியான வேகத்தில் வந்தால்தான் இரண்டாவதன் இடுக்கிலும் நுழைய முடியும். அளந்ததில் 3 சதவீத வித்தியாசம். மற்றவர்களாக இருந்தால் 3 சதவீதம்தானே என்று விட்டிருப்பார்கள். ஆனால் கருவி எவ்வளவு பிசகலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தவர்களுக்கு அது சகிக்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் சக்கரத்தின் பற்களை எண்ணிப் பார்த்தார்கள். 400 இடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் 408 இருந்தது! கடைசல் பட்டறையில் பிரித்து வெட்டியபோது நேர்ந்த பிசகு. அதைத் திருத்தியதும் வித்தியாசம் சுமார் 1 சதவீதமாகக் குறைந்தது. பட்டறைச் சக்கரத்தால் அளந்த வேகமும் படிகத்தால் அளந்த அலைநீளமும் டி பிராய் சொன்னபடியே பொருந்திப் போனதில் ஸ்டெர்னுக்கு இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

அப்புறம் புரோட்டான். டிராக்கின் கோட்பாட்டின்படி புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, சரியாக ஒரு அணுக்கரு மேக்னட்டான் (உட்கருவுக்கான அலகு) இருக்க வேண்டும். கோட்பாட்டாளர்கள் யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை. கஷ்டமான சோதனை செய்வதில் உங்களுக்கு ஆசை இருந்தால் செய்யுங்கள், ஆனால் விடைதான் ஏற்கெனவே தெரியுமே என்று பௌலி சொன்னாராம். கஷ்டம் என்பது சாதாரண வார்த்தை. எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் எதிர்பார்க்கும் விளைவு கிட்டத்தட்ட 1800 மடங்கு சிறியது. ஸ்டெர்னும் ஃப்ரிஷும் ஹைட்ரஜன் மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு எலக்ட்ரான்களின் காந்தமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்; மிஞ்சுவது புரோட்டான்களின் காந்தமும், மூலக்கூறு சுழல்வதால் வரும் காந்தமும். இந்த இரண்டைப் பிரிக்க, புரோட்டான்கள் எதிரெதிரே நிற்கும் பாரா ஹைட்ரஜனைத் தனியாக அளந்து, சுழற்சியின் பங்கைக் கழித்தார்கள். 1933-இல் வந்த விடை: இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், சுமார் 2.5. இன்றைய துல்லிய மதிப்பு 2.79. புரோட்டான், எலக்ட்ரானைப் போல எளிய துகள் அல்ல, அதற்குள் ஏதோ இருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறி இதுதான். அந்த 'ஏதோ'வுக்குக் குவார்க் என்று பெயர் வைக்க இன்னும் முப்பது வருடம் ஆனது.

அதே வருடம் ஃப்ரிஷ் இன்னொரு அழகான வேலை செய்தார். சோடியம் கற்றையின் மேல் சோடியம் விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, ஒளி பட்டு அணுக்கள் இம்மியளவு விலகுவதை அளந்தார். இன்று லேசரால் அணுக்களைத் தடுத்து நிறுத்திக் குளிர்விக்கிறார்களே, அதற்கு மூலமான தள்ளுவிசை அதுதான்.

இவ்வளவு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1933 ஏப்ரல் 7 அன்று வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கியது. எஸ்டர்மான், ஃப்ரிஷ் ஆகியோர் பதவி நீக்கப்பட்டார்கள். தன்னை வெளியேற்றும் வரை ஸ்டெர்ன் காத்திருக்கவில்லை; தானே ராஜினாமா செய்தார். மிச்சமிருந்த வாரங்களில் டியூட்ரானின் (கன ஹைட்ரஜனின் உட்கரு) காந்தத் திருப்புத்திறன் பற்றிய அளவீட்டையும் அவசர அவசரமாக முடித்தார்கள். பத்து வருடம் உழைத்துக் கட்டிய, அந்தத் துறையில் உலகத்திலேயே முதன்மையான ஆய்வகம் ஒரே கோடையில் கலைந்தது. ஃப்ரிஷ் லண்டன், பிறகு கோபன்ஹேகன் என்று போய், சில வருடங்களில் தன் அத்தை லீஸ் மைட்னரோடு சேர்ந்து அணுக்கருப் பிளவை விளக்கினார். ஸ்டெர்னும் எஸ்டர்மானும் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார்கள்.

அங்கே ஹாம்பர்க் திரும்பக் கிடைக்கவில்லை. பொருளாதார மந்தக் காலம், ஆய்வகத்துக்குப் போதிய பணமில்லை, பழகிய குழுவும் இல்லை. நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் துறையின் மையம் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு, ராபியின் கைக்குப் போய்விட்டது. ராபி 1938-இல் மூலக்கூறுக் கற்றையில் காந்த ஒத்ததிர்வைக் கண்டார். அதிலிருந்து ஒரு கிளை அணுக்கடிகாரம், இன்னொரு கிளை இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று வளர்ந்தது.

நோபல் குழுவுக்கு ஸ்டெர்ன் பெயர் 80-க்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டது. இயற்பியலில் இவ்வளவு பரிந்துரை பெற்றவர்கள் மிகச் சிலர். கடைசியில் 1943-ஆம் ஆண்டுக்கான பரிசு, ஒரு வருடம் தள்ளி 1944 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கூடவே 1944-க்கான பரிசு மாணவர் போன்ற ராபிக்கு. போர்க்காலம் என்பதால் விழா ஸ்டாக்ஹோமில் நடக்கவில்லை, நியூயார்க்கில் நடந்தது. அடுத்து சீக்கிரமே ஸ்டெர்ன் ஓய்வு பெற்று, சகோதரிகள் வசித்த பெர்க்லிக்குப் போய்விட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நல்ல சாப்பாடும் சினிமாவும் அவருக்கு உயிர். 1969 ஆகஸ்ட் 17 அன்று, 81 வயதில், ஒரு சினிமாத் தியேட்டரில் மாரடைப்பு வந்து இறந்தார்.

கடைசிக் கேள்வி கெர்லாக் பற்றியது. பரிசுக் குறிப்பில் இரண்டு விஷயங்கள்தான் இருக்கின்றன: மூலக்கூறுக் கதிர் முறையின் வளர்ச்சிக்கு ஸ்டெர்ன் ஆற்றிய பங்கு, புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன். 1922 சோதனை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவே இல்லை. முறை ஸ்டெர்னுடையது; புரோட்டான் வேலையில் கெர்லாக்குக்குப் பங்கு கிடையாது. ஆக, காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதுகளில் ஐன்ஸ்டீன் உட்படப் பலர் இருவரையும் சேர்த்தே பரிந்துரைத்திருந்தார்கள். பரிசு முடிவான 1944-இல் கெர்லாக் இருந்த இடம் வேறு: ஜெர்மனியின் அணுக்கரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு அந்த வருடம் முதல் அவர்தான் பொறுப்பாளர். போர் முடிந்ததும் ஹைசன்பர்க் முதலானவர்களோடு இங்கிலாந்தில் ஃபார்ம் ஹால் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அப்படிப்பட்டவருக்கு அந்த நேரத்தில் பரிசு கொடுப்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். குறிப்பில் அந்தச் சோதனையைத் தவிர்த்ததற்கு இதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. என் அபிப்பிராயத்தில் கெர்லாக்குக்குப் பரிசு இருபதுகளிலேயே, இந்தச் சிக்கல் எதுவும் வருவதற்கு முன்பே, ஸ்டெர்னோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். யோசனை முழுக்க ஸ்டெர்னுடையது. ஆனால் 1922 குளிர்காலத்தில் பம்புகளோடு இரவிரவாக மல்லுக்கட்டி அந்தக் கோட்டை இரண்டாகப் பிளந்து காட்டியது கெர்லாக்கின் கைகள்.